ஆலமரத்தடியில் ஒரு கலைக்களஞ்சியம்

தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஆலமரத்தடி' என்று ஒரு பக்கம் உண்டு. பொதுவில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரங்கள் யாவும் அங்கேதான் வந்து சேருகின்றன. இன்ன வார்ப்புரு பழுதாகிக் கிடக்கிறது, விஷயம் தெரிந்தவர் யாரேனும் பார்க்கக் கூடாதா என்று ஒருவர் கேட்பார். முதற்பக்கத்தில் அடுத்தபடியாக எந்தக் கட்டுரையை வைப்பது என்று இன்னொருவர் யோசனை கூறுவார். புதிதாய் வந்த பயனர் ஒருவர் இரண்டு வரிக் கட்டுரைகளை மளமளவென்று குவித்துக்கொண்டே போகிறாரே, அவற்றை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று மூன்றாமவர் சற்றுச் சலிப்போடு வினவுவார். இப்படிப் பேசுகிறவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்திலும், ஒருவர் சேலத்திலும், ஒருவர் கனடாவிலும், இன்னொருவர் வளைகுடா நாடொன்றில் உத்தியோகம் முடிந்து வந்த இரவு வேளையிலுமாக இருக்கக்கூடும். பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. சிலர் தங்கள் சொந்தப் பெயரையே வெளியிட்டதில்லை. எவருக்கும் சம்பளம் கிடையாது; கட்டுரையின் அடியில் பெயர் அச்சாவதும் கிடையாது.

இந்தக் களஞ்சியத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் வியப்பது, யார் வேண்டுமானாலும் இதில் எழுதலாம் என்பதை எண்ணித்தான். என் அபிப்பிராயத்தில் அது அத்தனை பெரிய விசேஷமாகத் தோன்றவில்லை. எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு எந்த யுகத்திலும் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை. தாம் எழுதியதை முன்பின் அறியாத எவரும் மாற்றலாம், வெட்டலாம், அடியோடு அழிக்கவும் அழிக்கலாம் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும், அதே மனிதர்கள் மறுநாள் மாலையிலும் வந்து அமர்ந்து, முந்தின நாள் தம்மை வெட்டியவரோடேயே சேர்ந்து அடுத்த வாக்கியத்தை எழுதத் தொடங்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கருத்து ஒவ்வாதவர்கள் ஒரே பத்தியில் குடியிருக்கப் பழகும் வித்தை இது. கட்டுரைகள் அந்தப் பழக்கத்தின் பயனாய்க் கிடைப்பவை.

கலைக்களஞ்சியம் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவு வருவது, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் வெளியிட்ட பத்துத் தொகுதிகள். தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய அந்தக் கைங்கரியத்தில், பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருக்க, நூற்றுக்கணக்கான அறிஞர்கள் கட்டுரை அளித்தனர். முதல் தொகுதி 1954-இல் வந்தது, பத்தாவது தொகுதி 1968-இல் வந்தது. அதற்கும் முன்னால், தனி மனிதர் ஒருவராகவே உழைத்து ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி, அச்சிடுவார் இன்றிப் பல காலம் காத்திருந்து, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910-இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் அதனினும் எட்டாண்டு மூத்தது. இவை யாவும் பெரும் பிரயாசையின் விளைவுகள். அவற்றைச் செய்தவர்களை நினைக்கையில் கை தானே குவிகிறது. ஆயினும் அபிதான சிந்தாமணியில் பிழையொன்றைக் கண்ட வாசகர் அந்நாளில் என்ன செய்திருக்க முடியும்? ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, இரண்டாம் பதிப்புக்காகக் காத்திருந்திருக்கலாம். இரண்டாம் பதிப்பு வந்தது 1934-இல். அதற்குள் ஆசிரியர் காலமாகிவிட்டார்.

கூலி வாங்காமல் அறிவைத் தொகுக்கும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் திதரோ நடத்திய மாபெரும் கலைக்களஞ்சியத்தில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை, அதாவது பதினேழாயிரம் கட்டுரைகளை, ழோக்கூர் என்ற பிரபு ஒருவர் ஒரு காசும் பெறாமல் எழுதித் தள்ளினார். திதரோவின் பெயர் உலகப் பிரசித்தம். ழோக்கூரை அறிந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களுக்கு விண்ணப்பம் விடுத்தபோது, நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பியவர்களுள் ஆசிரியர்கள் இருந்தனர், பாதிரிமார் இருந்தனர், மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்த மருத்துவர் ஒருவரும் இருந்தார். ஆனால் அந்தச் சீட்டுகளையெல்லாம் வாங்கி, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க மர்ரே என்ற ஒருவர் நடுவில் வீற்றிருந்தார். அந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அன்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்ததும்கூடத் திட்டமிட்டுச் செய்த காரியமாகத் தெரியவில்லை. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய நியூபீடியா, நிபுணர்களைக் கொண்டு எழுதுவித்து, ஏழு படிகளில் பரிசீலித்த பிறகே கட்டுரையை ஏற்கும் ஆசாரமான அமைப்பாக இருந்தது. அதன் பலன், முதலாண்டில் முற்றுப்பெற்ற கட்டுரைகள் ஒரு டஜன் அளவில் நின்றன. இதற்கிடையில், வாசிப்பவரே பக்கத்தைத் திருத்தக்கூடிய விக்கி என்னும் ஏற்பாட்டை வார்ட் கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995-இலேயே அமைத்து வைத்திருந்தார். நியூபீடியாவுக்குக் கட்டுரை சேர்க்க உதவும் உபகரணமாக இருக்கட்டும் என்று 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா திறக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அதன் கட்டுரைகள் இருபதாயிரத்தை எட்டிக்கொண்டிருந்தன. உபகரணம் எசமானனை விழுங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

தமிழ்ப் பதிப்பு பிறந்தது 2003 செப்டம்பர் 30. அன்றைய நிலையை இன்று கைப்பேசியில் தடையின்றித் தமிழ் எழுதும் இளைஞர்களுக்கு விளக்குவது சற்றுக் கடினம். இணையத்தில் தமிழுக்கு அப்போது ஒரே எழுத்து முறை கிடையாது. தகுதரம் என்பார் ஒருவர், தாப் என்பார் ஒருவர், தம் சொந்த எழுத்துருவில் பத்திரிகை நடத்துவார் மற்றொருவர். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் கிறுக்கலாகத் தெரியும். ஒருங்குறி வந்துவிட்டதென்றாலும், பழைய விண்டோஸ் கணினிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இத்தகைய காலத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்த கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன், 2003 நவம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வந்து, இடைமுகச் சொற்களைத் தமிழாக்கி, கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக்கொண்டே போனார். தொடக்கத்தில் அந்த மண்டபத்தில் அவருடைய குரல் மட்டுமே கேட்டது என்று சொல்வது மிகையாகாது. பிறகு இலங்கையிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தன் 2015-ஆம் ஆண்டு இயல் விருதை அவருக்கு அளித்தபோது, கதையும் கவிதையும் எழுதாத ஒருவருக்கு இலக்கிய விருதா என்று புருவம் நெரித்தவர்களும் உண்டாயின், அவர்கள் அந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் பக்கம் சென்று பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒரு கட்டுரை எவ்வாறு வளர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தாலன்றி இந்த உழைப்பின் தன்மை விளங்காது. யாரோ ஒருவர் தம் ஊர் ஏரியைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமித்த அந்தக் கணமே அது 'அண்மைய மாற்றங்கள்' என்ற பட்டியலில் தோன்றுகிறது. அந்தப் பட்டியலை, வேறு சிலர் காலைக் காப்பியோடு நாளிதழைப் பார்ப்பது போன்ற நியமத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வந்து சந்திப் பிழையைத் திருத்துகிறார். இன்னொருவர் மாவட்டத்தின் பெயரால் ஒரு பகுப்பில் சேர்க்கிறார். மூன்றாமவர் இது போன்ற தலைப்பில் ஏற்கெனவே ஒரு கட்டுரை இருப்பதைக் கண்டு, இரண்டையும் இணைக்கலாமே என்று குறிப்பு வைக்கிறார். 'ஆயிரம் ஆண்டுப் பழமையான ஏரி' என்று எழுதியிருந்த இடத்தில், 'சான்று தேவை' என்ற சிறு குறி வந்து ஒட்டிக்கொள்கிறது. எழுதியவருக்கு முதலில் கோபம் வருகிறது. எங்கள் ஊர் ஏரியை எனக்குத் தெரியாதா, தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேனே என்கிறார். ஐயா, தங்களை நாங்கள் சந்தேகிக்கவில்லை, படிக்கிறவர்களால் தங்கள் தாத்தாவைச் சரிபார்க்க முடியாதே என்று பதில் வருகிறது. சிலர் அத்தோடு போய்விடுகிறார்கள். சிலர் மாவட்ட விவரச் சுவடியையோ கல்வெட்டுத் தொகுதியையோ தேடிப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்; வந்து, ஆயிரம் என்றதை எழுநூறு என்று தாமே திருத்துகிறார்கள். இந்த இரண்டாம் வகையினரே பின்னாளில் பிறருடைய ஏரிகளுக்குச் சான்று கேட்கும் பதிப்பாசிரியர்களாக மாறுகிறார்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் அதன் 'வரலாறு' முழுவதும் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்த நாள், எந்த நிமிஷம், யார், எந்த எழுத்தை மாற்றினார் என்பதை எவரும் பார்க்கலாம். ஒரே சொடுக்கில் பழைய வடிவத்தை மீட்கலாம். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இதில்தான் அடங்கியிருக்கிறது. கெடுக்க நினைப்பவர் ஒரு பக்கத்தை அழிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட, அதை மீட்பவருக்கு ஆகும் நேரம் குறைவு. தேர்வு முடிவுக் காலங்களில் பள்ளி மாணவர்கள் வந்து நண்பனின் பெயரைப் பாண்டிய மன்னர் வரிசையில் சேர்த்துவிட்டுச் சிரிப்பார்கள். தேர்தல் காலத்தில் தொண்டர்கள் வந்து தங்கள் தலைவருக்கு அடைமொழிகளைச் சூட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நடிகரின் படம் வெளியாகும் வாரத்தில் வசூல் தொகை மணிக்கொரு தரம் ஏறும். அத்தனையையும் யாரோ ஒருவர் முணுமுணுப்பின்றி மீளமைத்துக்கொண்டே இருக்கிறார். இந்தத் துப்புரவுப் பணியைச் செய்பவர்களுக்குக் கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் அற்பக் கியாதிகூடக் கிடையாது.

விளையாட்டுப் பிள்ளைகளைச் சமாளிப்பது எளிது. உண்மையான சங்கடம், நேர்மையும் கல்வியும் உடைய இருவர் ஒரே விஷயத்தில் எதிரெதிராக நிற்கும்போதுதான் எழுகிறது. தமிழ்ப் பதிப்பில் ஆண்டுக்கணக்காகப் புகைந்த பிணக்கு எழுத்து முறையைப் பற்றியது. கனடாவின் பெருநகரைத் தமிழ்நாட்டவர் டொராண்டோ என்று எழுதுவார்கள், ஈழத்தவர் ரொறன்ரோ என்று எழுதுவார்கள்; கிரந்த எழுத்து வேண்டும் என்பார் ஒரு சாரார், தொல்காப்பியத்தைக் காட்டி மறுப்பார் இன்னொரு சாரார். உரையாடல் பக்கங்களில் இது பற்றி நிகழ்ந்த வாதங்களைத் தொகுத்தால் தனி நூலாகும். அவற்றுள் சிலவற்றில் சூடு மிகுந்து, நல்ல பங்களிப்பாளர்கள் மனம் வெறுத்து ஒதுங்கியதும் உண்டு. முடிவு, முடிவே இல்லாத ஒரு சமரசம்: கட்டுரைக்கு ஒரு தலைப்பு, மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு வழிமாற்று. எந்த வடிவத்தைத் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். இலக்கண வாதத்தில் எவரும் தோற்கவில்லை, வாசகருக்கும் நஷ்டமில்லை. தமிழகத்துப் பல்கலைக்கழகமும் ஈழத்துப் பல்கலைக்கழகமும் கூடி உட்கார்ந்து கலைச்சொல் ஒன்றை முடிவு செய்ததை நாம் அதிகம் கண்டதில்லை. இந்தப் பக்கங்களில் அது அன்றாடம் நடக்கிறது, சில நாள் அழகாகவும், சில நாள் அலங்கோலமாகவும்.

இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று ஆங்கிலப் பதிப்பில் நடந்தது; அது நம்மவர்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இலங்கையில் போர்நிறுத்தம் குலைந்து சண்டை மீண்டும் மூண்ட காலத்தில், அது பற்றிய கட்டுரைகள் தொகுப்புப் போரில் சிக்கின. ஒருவர் 'பயங்கரவாதி' என்று எழுதுவார், மற்றவர் அதை அழித்து 'விடுதலைப் போராளி' என்று எழுதுவார். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவர் தடை செய்யப்படலாம் என்ற விதி இருந்தும் பயனில்லை, தடை நீங்கியதும் திரும்பி வருவார்கள். இந்த நிலையில் 2006-ஆம் ஆண்டில், தமிழரும் சிங்களவரும் இரண்டும் அல்லாத பிறரும் சேர்ந்து, இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்ற பெயரில் ஒரு குழுவை அங்கே அமைத்தார்கள். எவர் பக்கம் நியாயம் என்ற வினாவை அவர்கள் தொடவே இல்லை. எந்தச் செய்தி மூலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். போரிடும் தரப்பொன்றைச் சார்ந்த மூலம் கூறுவதை நேரடி உண்மையாக எழுதலாகாது, இன்னார் இவ்வாறு கூறுகின்றனர் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்பது போன்ற நியதிகளை வகுத்து, மூலங்களையும் தரம் பிரித்துப் பட்டியலிட்டார்கள். போர் நிற்கவில்லை, 2009 மே வரை அதன் கோரம் தொடர்ந்தது. அந்தக் கோரத்தினிடையே, மண்ணில் ஒருவரோடொருவர் பேசவே வாய்ப்பில்லாத இரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள், ஒரு வாக்கியத்தில் எந்த வினைச்சொல்லை இடுவது என்று நிதானமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சிறு விஷயமாக நான் கருதவில்லை. அவர்கள் எழுதி முடித்த பத்திகளை இன்று படித்தால் உப்புச் சப்பற்றுத் தோன்றும். ஒவ்வொரு சொல்லும் இரு பக்கத்து அரத்தாலும் தேய்க்கப்பட்டது. சுவை எங்கிருந்து வரும்?

நடுநிலை நோக்கு என்ற கொள்கையைப் பற்றிப் பலர் கேலி பேசுவதுண்டு. மனிதனால் நடுநிலை வகிக்க முடியுமா என்று தத்துவ விசாரம் செய்வார்கள். விக்கிப்பீடியர்கள் அத்தனை ஆழத்துக்குப் போவதில்லை. நீ நடுநிலையாளனாக இருக்க வேண்டும் என்று அவர்கள் எவரையும் கேட்பதில்லை. உன் வாக்கியத்தை உன் எதிரியும் 'ஆம், இப்படிச் சொல்கிறார்கள்தான்' என்று ஒப்பும்படி எழுது என்று மட்டுமே கேட்கிறார்கள். சாதிப் பெயர்களில் அமைந்த கட்டுரைகளில் இதைக் கடைப்பிடிப்பது எத்தனை பாடு என்பதை நிர்வாகிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மூவேந்தர் பரம்பரை வந்து சேர்ந்துவிடுகிறது; சான்று கேட்டால், அதே சாதிச் சங்கம் அச்சிட்ட மலர் ஒன்று வருகிறது.

தொகை பெரிதா, தரம் பெரிதா என்ற பழைய வழக்கும் இங்கே உண்டு. தமிழ்க் கட்டுரைகள் 2017 மே மாதத்தில் ஒரு லட்சத்தைக் கடந்தன. இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எண்ணிக்கை ஏறுவது இனிமையான காட்சிதான். ஆனால் எண்ணிக்கையின் மோகத்தால் வந்த தொல்லைகளும் உள்ளன. 2009, 2010 ஆண்டுகளில் கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியை மேம்படுத்தும் நோக்கத்தோடு, கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிப் பதிப்புகளில் ஏற்றியது. நீளமான கட்டுரைகள், படங்கள், அட்டவணைகள் எல்லாம் பொருந்தியவை, ஆனால் தலைப்புகளில் பல நம் வாசகர் எவரும் தேடி வராத அமெரிக்கக் கேளிக்கை விஷயங்கள், நடையோ தமிழ்ச் சொற்களை ஆங்கில வரிசையில் அடுக்கியது. எல்லாவற்றிலும் மோசமானது, உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வங்காளப் பதிப்பினர் அவற்றை ஏற்க மறுத்தனர். தமிழ்ப் பதிப்பினர், முதலில் ஏற்றியவற்றைத் திருத்துங்கள், தலைப்பை நாங்கள் சொல்கிறோம், பிறகு புதியதை ஏற்றலாம் என்று நிபந்தனை பேசினார்கள். அந்த அனுபவத்தை 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்து வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்றைப் பார்த்து, சம்பளமில்லாத சில மனிதர்கள் 'இந்தத் தமிழ் போதாது' என்று சொன்ன அந்தத் துணிவை நான் மிகவும் ரசிக்கிறேன்.

அப்படிச் சொல்ல ஆளில்லாத மொழிக்கு என்ன கதி நேரும் என்பதற்கும் பிரத்தியட்ச உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில், அம்மொழி அறியாத அமெரிக்கச் சிறுவன் ஒருவன், அகராதியைப் பார்த்து ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகச் சொற்களை வைத்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தான் என்பது 2020 ஆகஸ்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. அவனிடம் துர்எண்ணம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. உதவி செய்வதாகவே நம்பினான். எழுதினவனை நொந்து பயனில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தப் பக்கங்களைப் பார்த்து, 'இது எங்கள் மொழியன்று' என்று சொல்ல அம்மொழியாளர் போதிய அளவில் அங்கே இல்லை.

தமிழ் அத்தனை அநாதையாக இல்லை. ஆயினும் நிம்மதி கொள்ளும் நிலையிலும் இல்லை. எட்டுக் கோடி மக்கள் பேசும் மொழியின் களஞ்சியத்தில், ஒரு மாதத்தில் ஓரளவேனும் தொடர்ந்து பங்களிப்பவர் சில நூறு பேருக்கு மேல் இல்லை. பாரத்தைத் தாங்குவோர் அதனினும் மிகச் சிலர். பெண்களின் பங்கு உலகப் பதிப்புகள் பெரும்பாலானவற்றிலும் குறைவு. பெரும்பாலான ஆய்வுகளில் அது ஐந்தில் ஒன்றை எட்டவில்லை. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து எழுதச் செய்த முயற்சியால் கட்டுரைகள் பெருகின, திருத்த வேண்டிய வேலையும் கூடவே பெருகியது. அவ்வாறு வந்தவர்களுள் நிலைத்து நின்ற சிலரே உண்மையான லாபம்.

பிழை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2005-இல் ஜான் சைகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்தி ஆங்கிலப் பதிப்பில் எவரோ எழுதிய பொய், நான்கு மாத காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதே ஆண்டின் இறுதியில் நேச்சர் பத்திரிகை, அறிவியல் கட்டுரைகள் நாற்பத்திரண்டை நிபுணர்களிடம் கொடுத்துப் பிரிட்டானிக்காவோடு ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரி இங்கே நான்கு பிழை, அங்கே மூன்று என்று வந்தது. பிரிட்டானிக்கா நிறுவனத்தார் வெகுண்டு மறுப்பு எழுதினார்கள். எனக்கென்னவோ அந்த மூன்று என்ற எண்தான் அதிக வியப்பைத் தந்தது. இருநூறாண்டுக்கும் மேற்பட்ட பரம்பரையும் சம்பளம் பெறும் பண்டிதர்களும் இருந்தும் மூன்று! பிரிட்டானிக்காவின் அச்சுப் பதிப்பு நின்றுவிட்டதாக 2012-இல் அறிவிப்பு வந்தது.

இப்போது புதிய சங்கடம் ஒன்று முளைத்திருக்கிறது. வினாவுக்கு விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள், இந்தத் தன்னார்வலர்களின் எழுத்தை வயிறாரத் தின்றே பேசக் கற்றன. அவை விடையை நேரே சொல்லிவிடுவதால், மூலப் பக்கத்துக்கு வரும் மனிதர்கள் குறைந்துவருவதாக விக்கிமீடியா நிறுவனம் 2025-இல் தெரிவித்தது. வாசிக்க வருகிறவர்களிலிருந்துதான் திருத்துகிறவர்கள் தோன்றுகிறார்கள். வாசலுக்கே வராதவன் உள்ளே வருவது எப்படி? மறுபுறம், இயந்திரம் நொடியில் எழுதிக் கொடுத்த கட்டுரைகளை, படித்தும் பாராமல் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். அன்று கூலி மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்ட அதே கேள்விகளை, கேட்டால் சளைக்காமல் பொய்ச் சான்றும் காட்டக்கூடிய இயந்திரத்திடம் கேட்க வேண்டிய நிலை.

இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று கேட்பது சம்பிரதாயம். தமிழ்ப் பற்று என்பார் சிலர், பொழுதுபோக்கு என்பார் சிலர். கோயில் குளத்தில் பொரி போடுகிறவனை யாரும் காரணம் கேட்பதில்லை. இவர்களையும் கேளாமல் விடுவதே மரியாதை.

இவர்களுக்குப் பற்றாக்குறையாய் இருப்பது ஆர்வமன்று, சான்று. நம்பத்தக்க வெளியீடு எதிலும் வராத ஒன்றைக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்கில்லை என்பது விதி. 2018-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற டோனா ஸ்டிரிக்லண்டுக்கு, அந்த அறிவிப்பு வந்த அக்டோபர் நாள் வரையில் ஆங்கிலப் பதிப்பில்கூடக் கட்டுரை இல்லை; ஒருவர் எழுதிய வரைவு, அவரைப் பற்றிப் பிறர் எழுதிய சான்று போதவில்லை என்று அவ்வாண்டு மே மாதத்தில் திருப்பப்பட்டிருந்தது. நோபல் பெறும் விஞ்ஞானிக்கே அது நிலை என்றால், தவிலுக்குத் தோல் கட்டுவதில் நிகரற்ற கைத்திறன் உடைய ஒருவரைப் பற்றியோ, ஓர் ஊரின் நெல் ரகத்தைப் பற்றியோ தமிழில் எழுத வருபவர் எதைக் காட்டுவார்? ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம், இந்த விஷயத்தில் பெருந்துணையாக இருக்கிறது. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு எரிந்ததைக் கண்ட சமூகம் அல்லவா? தமிழ்நாட்டின் நிலையைச் சொல்லப் போனால், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த செல்வத்தைக் காக்கச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. ஆனால் கடந்த முக்கால் நூற்றாண்டில் வாரந்தோறும் லட்சக்கணக்கில் விற்ற சஞ்சிகைகளுள், தம் பழைய இதழ்களுக்குப் பொருளடைவு ஒன்று தயாரித்து, எவரும் தேடிப் பார்க்கும்படி வைத்தவை எத்தனை? நாட்டுப்புறக் கலைஞர்களைப் பற்றியும், மறைந்துபோன தொழில்களைப் பற்றியும், சிற்றூர்த் திருவிழாக்களைப் பற்றியும் பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் நிருபர்கள் எழுதிய பக்கங்கள் அலுவலகக் கிடங்குகளில் நூலால் கட்டிக் கிடக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் 'சான்று தேவை' என்ற குறியைக் காணும்போதெல்லாம், அந்தக் கோரிக்கை கட்டுரை எழுதிய தன்னார்வலரை நோக்கியதாக எனக்குத் தோன்றுவதில்லை. அதற்குரிய பதிலில் பாதி, தமிழ்ப் பத்திரிகாலயங்களின் பூட்டிய அறைகளில் இருக்கிறது. சாவியும் எங்களிடம்தான் இருக்கிறது.